காதில் எண் உண்டு, தடம் இல்லை

இந்தியாவில் 30 கோடிக்கும் மேற்பட்ட கால்நடைகள் 12 இலக்க எண்ணுடன் மத்திய அரசின் தரவுத்தளத்தில் பதிவாகியிருக்கின்றன. ஒரு மாட்டுக்கு அதற்கே உரிய எண்ணைக் கொடுப்பதை அடையாளமிடல் என்றும், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அது பிறந்த தொழுவம், கைமாறிய ஊர்கள், போடப்பட்ட ஊசிகள், தந்த பால், கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் ஆகியவற்றை முன்னும் பின்னும் தேடிச் செல்வதைத் தடமறிதல் என்றும் கால்நடை மருத்துவத் துறையினர் பிரித்துச் சொல்வர். முன்னதில் இந்தியா குறுகிய காலத்தில் நெடுந்தூரம் வந்துவிட்டது. பின்னதில் இன்னும் வாசற்படியைத் தாண்டவில்லை. இந்த இடைவெளியைத் தெளிவாகக் காண்பதற்குப் பெங்களூருவைவிடப் பொருத்தமான நகரம் நாட்டில் அரிது. கால்நடை நோய்களை ஆராயும் மத்திய, மாநில நிறுவனங்கள் ஹெப்பாளிலும் எலகங்காவிலும் இருக்க, நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் என்ற அளவை 2024-இல் எட்டிய கர்நாடகப் பால் கூட்டமைப்பின் தலைமையகமும் இங்கேயே இருக்க, நகரைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் ஓசூர்ப் பக்கத்திலும் மாடுகள் அன்றாடம் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவை எங்கிருந்து எங்கே போகின்றன என்பதை எந்தப் பதிவேடும் முழுமையாகச் சொல்வதில்லை.

எண் வழங்கும் பணி தேசியப் பால்வள வாரியம் உருவாக்கிய தகவல் வலையமைப்பில் தொடங்கியது. 2019 செப்டம்பர் 11 அன்று மதுராவில் பிரதமர் தொடங்கிவைத்த தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தோடுதான் அது நாடு தழுவிய வேகம் பெற்றது. கோமாரி நோய், கன்று வீச்சு நோய் எனப்படும் புரூசெல்லோசிஸ் ஆகிய இரண்டையும் அடக்குவதற்காக ஐந்து ஆண்டுகளுக்கு 12,652 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்ட அத்திட்டத்தில், தடுப்பூசி போடப்படும் மாடும் எருமையும் காதுவில்லை அணிந்திருக்க வேண்டும் என்பது விதியாக்கப்பட்டது. பின்னர் பழைய வலையமைப்பின் இடத்தில் ‘பாரத் பசுதன்’ என்ற தரவுத்தளம் வந்தது. எண்ணுக்குப் ‘பசு ஆதார்’ என்ற பெயரும் நிலைத்துவிட்டது. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாடுகளும் எருமைகளும் சேர்ந்தே சுமார் 30 கோடி என்பதை நினைவில் கொண்டால், நடந்திருக்கும் வேலையின் அளவு விளங்கும். அதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது.

காதுவில்லை என்பது ஏறத்தாழ எட்டு கிராம் எடையுள்ள, மஞ்சள் நிற நெகிழிப் பொருள். ஆண் பாகம், பெண் பாகம் என்று அதற்கு இரண்டு துண்டுகள் உண்டு. குறடு போன்ற கருவியில் இரண்டையும் பொருத்தி, காதின் நடுப்பகுதியில் குருத்தெலும்பு வரிகளுக்கும் இரத்த நாளங்களுக்கும் இடைப்பட்ட இடம் பார்த்து ஒரே அழுத்தில் குத்த வேண்டும். இடம் தவறினால் இரத்தம் கசியும், மழைக்காலமாக இருந்தால் ஈ மொய்த்துப் புழு வைக்கும், காது கிழிந்து வில்லை விழுந்தும் போகும். விழுந்த வில்லைக்குப் பதிலாகப் புதிய எண் போடப்படும்போது பழைய எண்ணோடு அதை இணைக்காவிட்டால், ஒரே மாடு தரவுத்தளத்தில் இரண்டு மாடுகளாகிவிடும். இறந்த மாட்டின் எண்ணை நீக்காவிட்டால், அது ஏட்டில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொரு மாட்டுக்கும் இரண்டு காதிலும் ஒரே எண்ணைப் போடுவது இதனால்தான்: ஒன்று விழுந்தால் மற்றொன்று சாட்சி. இந்தியாவில் ஒரு காதோடு நிறுத்திக்கொண்டது செலவுக் கணக்கின் விளைவு. பெரும் எண்ணிக்கையில் போட வேண்டியிருந்தபோது அது புரிந்துகொள்ளக்கூடியதே என்றாலும், அதன் விலையை ஊசி போடக் கிராமத்துக்கு வரும் பணியாளர்தான் இன்று கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

மாட்டுக்கு எண் இல்லாமலேயே ஒரு கொடிய நோயை இந்தியா ஒழித்திருக்கிறதே என்ற கேள்வி எழுவது இயல்பு. வெக்கை நோய் எனப்பட்ட ரிண்டர்பெஸ்ட், கிராமம் கிராமமாகத் தொழுவங்களைக் காலி செய்த நோய்; அதற்கான சீரம் தயாரிப்பதற்காகவே மைசூர் சமஸ்தானக் காலத்தில் பெங்களூருவில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது, அதுவே இன்று ஹெப்பாளில் கால்நடை நலம் மற்றும் உயிரியல் மருந்து நிறுவனமாக இயங்குகிறது. அந்த நோய் இந்தியாவில் கடைசியாக 1995-இல் காணப்பட்டது, 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் வெக்கை நோய்க் கிருமியில் ஒரே ஒரு சீரவகைதான் இருந்தது. ஒரு முறை ஊசி போட்டால் பாதுகாப்பு ஆயுளுக்கும் நீடித்தது. எந்த மாட்டுக்குப் போட்டோம் என்ற நினைவு இல்லாவிட்டாலும் கிராமத்துக்கே போட்டு முடித்துவிடலாம். கோமாரிக் கிருமி அப்படிப்பட்டதன்று. இந்தியாவில் மட்டும் இப்போது ஓ, ஏ, ஆசியா-1 என்று மூன்று சீரவகைகள் காணப்படுகின்றன, ஒன்றுக்கு எதிரான பாதுகாப்பு மற்றொன்றுக்கு உதவாது, ஊசியின் பலனும் ஆறு மாத அளவில் தேய்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு மாட்டுக்கும் கடைசி ஊசி எப்போது, முதல் ஊசிக்குப் பிறகு ஊக்க ஊசி போடப்பட்டதா, இடையில் அது வேறு ஊருக்குப் போனதா என்பதையெல்லாம் யாரோ நினைவில் வைத்திருந்தாக வேண்டும். மனித நினைவால் அது முடியாது என்பதால்தான் எண் தேவைப்படுகிறது.

கன்று வீச்சு நோயில் இந்தத் தேவை இன்னும் கூர்மையானது. நான்கு மாதம் முதல் எட்டு மாதம் வரையான கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே முறை போடப்படும் ஊசி அதற்கு உண்டு. ஊசி போட்ட கிடேரியின் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாகி, சிலவற்றில் நீண்ட காலம் தங்கிவிடும். பின்னாளில் அந்தப் பசுவின் இரத்தத்தைப் பரிசோதித்தால், தெரிவது ஊசியின் அடையாளமா, நோயின் அடையாளமா என்று ஆய்வகத்தால் எளிதில் பிரித்துச் சொல்ல முடியாத நிலை வரும். கன்றுப் பருவத்தில் ஊசி போடப்பட்டதற்கான பதிவும் அந்தப் பதிவை இந்தப் பசுவோடு இணைக்கும் எண்ணும் இருந்தால் மட்டுமே பரிசோதனை முடிவுக்குப் பொருள் உண்டு. இந்நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது: கருச்சிதைந்த மாட்டின் நச்சுக்கொடியைக் கையால் எடுப்பவர், பேறு பார்க்கும் மருத்துவர், காய்ச்சாத பாலைக் குடிப்பவர் ஆகியோர் மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலாலும் மூட்டு வலியாலும் அவதிப்படுகின்றனர். அதற்குக் காரணம் தொழுவத்தில் இருக்கிறது என்பது பல நேரங்களில் மனித மருத்துவருக்குத் தோன்றுவதே இல்லை.

கர்நாடகத்தின் தென்பகுதி, பதிவின் தேவை என்ற பாடத்தை 2013-இல் கடுமையான விலை கொடுத்துக் கற்றது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் கோலார், பெங்களூரு ஊரகம், ராமநகரம் உள்ளிட்ட மாவட்டங்களில் ஓ சீரவகைக் கோமாரி பரவி, ஆயிரக்கணக்கான கலப்பின மாடுகள் மடிந்தன. கோமாரியில் வளர்ந்த மாடுகள் பெருமளவில் சாவது பொதுவாகக் காணப்படாதது. வாயிலும் குளம்பிடையிலும் கொப்புளம் கண்டு, தீனி எடுக்காமல், பால் வற்றி, தேறிய பிறகும் மூச்சிரைப்போடு நிற்பதுதான் வழக்கமான போக்கு. அன்று நாட்டு மாட்டைவிடத் தாங்கும் திறன் குறைந்த கலப்பின மாடுகளுக்கு இழப்பு மிகுதியாயிற்று. நோய் எந்தச் சந்தையிலிருந்து எந்தக் கிராமத்துக்குப் போயிற்று என்பதை அப்போது விசாரித்தறிய வேண்டியிருந்ததே தவிர, பார்த்தறிய ஓர் ஏடு இல்லை. ஒரு மாடு இறந்தால் வீட்டின் பால் வருமானம் நின்றுபோகும் குடும்பங்களில், விசாரணை முடிவதற்குள் அடுத்த தொழுவத்துக்கு நோய் போய்விடுகிறது.

தோல் கழலை நோயின் வரவு அதே பாடத்தை மீண்டும் நடத்தியது. 2019-இல் ஒடிசாவில் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அந்த நோய், 2022-இல் குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் பெருங்கொள்ளையாக மாறி, அவ்வாண்டில் நாடு முழுவதும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்று, கர்நாடகத்தையும் தாக்கியது. கடிக்கும் ஈயும் கொசுவும் உண்ணியும் நோயை அக்கம்பக்கத்துக்குக் கொண்டுபோகும். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அதைக் கொண்டுபோவது லாரியில் ஏற்றப்பட்ட மாடு. மாட்டுப் போக்குவரத்துக்கும் சந்தைகளுக்கும் தடை விதிப்பதைத் தவிர மாவட்ட நிர்வாகங்களுக்கு அப்போது வேறு வழி இருக்கவில்லை. எந்த மாடு எங்கிருந்து வந்தது என்று தெரியாத இடத்தில் எல்லா மாடுகளையும் நிறுத்த வேண்டியதாகிறது. அதன் சுமை நோயில்லாத மாட்டை விற்று மகளின் கல்விக் கட்டணம் கட்ட நினைத்தவர் தலையிலும் விழுகிறது. பெங்களூருவுக்கு அருகில் மாலூரில் இயங்கும் பயோவெட் நிறுவனம் உருவாக்கிய தோல் கழலை நோய்த் தடுப்பூசிக்கு 2025 பிப்ரவரியில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. ஊசியால் வந்த எதிர்ப்புப் பொருளையும் தொற்றால் வந்ததையும் பிரித்தறிய வழிவிடும் வகையைச் சேர்ந்தது அது. அறிவியலின் இத்தகைய கொடையை முழுமையாகப் பயன்படுத்த வேண்டுமானால், ஊசி போட்ட மாட்டை அடுத்த ஆண்டும் அதே மாடு என்று உறுதியாகக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

தடம் அறுந்துபோகும் இடம் சந்தைதான். தொட்டபள்ளாபுரத்தை ஒட்டிய காட்டி சுப்ரமண்யாவில் ஆண்டு இறுதியை ஒட்டிக் கூடும் ஹள்ளிகார் மாட்டுச் சந்தையானாலும், தமிழ்நாட்டில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையானாலும், வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வார், சுழி பார்ப்பார், கறவை மாடானால் மடியையும் காம்பையும் தடவிப் பார்ப்பார். தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி முடிப்பார். பழைய கயிறு கழன்று புதுக் கயிறு ஏறும். இத்தனை கூர்மையான பார்வையிலும் காதிலுள்ள எண்ணை யாரும் படிப்பதில்லை, ஏனெனில் அந்தப் பேரத்தில் அதற்கு மதிப்பு ஒன்றும் இல்லை. உரிமை மாற்றத்தைப் பதிவு செய்யத் தரவுத்தளத்தில் இடம் இருக்கிறது. அதை நிரப்பும் வழக்கம் உருவாகவில்லை. ஓசூர்ப் பக்கத்திலிருந்து ஆனேக்கல்லுக்கு ஒரு பசு விற்கப்பட்டால், காதிலுள்ள எண் நாடு முழுமைக்கும் ஒன்றாக இருந்தும், அந்த எண்ணுக்கு உரியவர் பெயர் ஏட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே தங்கிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து ஊசி போட வருபவர் முன்னால் நிற்பது வேறு மாநிலத்துப் பசு. கையிலுள்ள கைப்பேசியில் தெரிவது வேறொருவர் பெயர்.

நகரவாசிக்கு இவையெல்லாம் தொழுவத்துச் செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் தடமறிதலின் மறுபாதி அவருடைய சமையலறையில் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் 1,103 நகரங்களிலும் ஊர்களிலும் 6,432 பால் மாதிரிகளை எடுத்து நடத்திய நாடு தழுவிய ஆய்வில், மக்கள் பெரிதும் அஞ்சும் கலப்படம் 12 மாதிரிகளில் மட்டுமே காணப்பட்டது. மாறாக, 368 மாதிரிகளில், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ ஆறில், அஃப்ளடாக்சின் எம்-1 என்ற நச்சு வரம்பை மீறியிருந்தது. 77 மாதிரிகளில் எதிருயிரி மருந்துகளின் எச்சம் வரம்புக்கு மேல் இருந்தது. முதலாவது, ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் மக்காச்சோளமும் மாட்டின் வயிற்றுக்குள் போய், கல்லீரலில் உருமாறிப் பாலில் இறங்கும் நச்சு. பாலைக் காய்ச்சினாலும் அது போகாது. இரண்டாவது, மடி நோய்க்கு ஊசி போட்ட பிறகு மருத்துவர் சொன்ன நாட்கள் வரை பாலை ஒதுக்கி வைக்காமல் ஊற்றுவதால் வருவது. இரண்டும் யாரும் கெட்ட எண்ணத்தோடு கலப்பவை அல்ல. அவற்றைக் கண்டுபிடிக்கத் தொழிற்சாலை வாயிலில் பரிசோதனை செய்தால் மட்டும் போதாது. பின்னோக்கிப் போய் எந்தத் தொழுவம், எந்த மாடு, எந்தப் பிண்ணாக்கு மூட்டை என்று காண வேண்டும்.

பால் போகும் வழியை ஒருமுறை பின்தொடர்ந்தால் இதன் சிக்கல் விளங்கும். விடியற்காலையில் கறந்த பால் கிராமச் சங்கத்தில் உறுப்பினர் எண் சொல்லி ஊற்றப்படுகிறது. கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும் இயந்திரத்தில் அளக்கப்பட்டு ரசீதில் பதிவாகின்றன. கர்நாடக அரசு லிட்டருக்குத் தரும் ஊக்கத்தொகைகூட அந்தப் பதிவை வைத்தே வங்கிக் கணக்குக்குப் போகிறது. அதாவது, யார் எந்த வேளையில் எத்தனை லிட்டர் ஊற்றினார் என்பது துல்லியமாகத் தெரியும். அளந்து முடித்த பால் மற்ற எல்லார் பாலோடும் குளிர்விப்புக் கலத்தில் சேர்ந்து, டேங்கர் லாரியில் மற்றச் சங்கங்களின் பாலோடும் கலந்து நகரத்துக்கு வருகிறது. மருந்து ஏறிய ஒரு பசுவின் பால் அந்தக் கலம் முழுவதையும் கெடுக்கக்கூடும். தயிர் தயாரிக்கும் பிரிவில் உறை நுண்ணுயிர்கள் வளராமல் தயிர் உறையாதபோதுதான் சில நேரம் அது வெளிப்படும். அப்போது சங்கத்தின் ஏட்டில் ஆளின் எண் இருக்கிறது, கால்நடை மருந்தகத்தின் ஏட்டில் மாட்டின் எண்ணும் போட்ட மருந்தும் இருக்கின்றன, காப்பீட்டு நிறுவனத்திடம் அதே காது எண்ணோடு மூன்றாவது ஏடு ஒன்றும் இருக்கிறது. ஒன்றோடொன்று பேசாத இந்த ஏடுகளை இணைப்பதே தடமறிதல். புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது இதில் எதுவும் இல்லை.

இணைத்தால் முடியும் என்பதற்குச் சான்றும் பெங்களூருவின் எல்லையிலேயே இருக்கிறது. ஹெசரகட்டாவில் மத்திய அரசின் உறைவிந்து உற்பத்தி நிலையத்திலிருந்து வெளியே போகும் கால் மில்லிலிட்டர் குச்சி ஒவ்வொன்றிலும் காளையின் எண்ணும் இனமும் தேதியும் அச்சாகியிருக்கின்றன. எந்தக் கிராமத்தில் சினை ஊசி போட்டாலும் கன்றின் தந்தை யார் என்று சொல்லிவிடலாம். ஆடுகோடியில் 1923-இல் தொடங்கப்பட்ட ஏகாதிபத்தியக் கால்நடை, பால்வள நிறுவனத்துக்கு (அதுவே இன்றைய தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம்) 1927-இல் காந்தியடிகள் மாணவராக வந்து மாடு வளர்ப்புப் பாடம் கேட்டுச் சென்றார் என்பது அந்நிறுவனத்தின் வரலாற்றில் பெருமையோடு சொல்லப்படும் செய்தி. இத்தகைய பண்ணைகளில் ஒவ்வொரு மாட்டுக்கும் எண்ணும் பிறப்பு முதல் பால் அளவு வரை எழுதிய ஏடும் இருப்பது நூறாண்டு வழக்கம். பண்ணை வேலிக்குள் அன்றாட நடைமுறையாக இருந்த ஒன்று, இரண்டு மாடு வைத்திருப்பவரின் கொட்டகைக்கு வருவதற்கு ஒரு நூற்றாண்டு எடுத்திருக்கிறது.

மற்ற நாடுகள் இந்த வேலையைச் செய்தது பேரிழப்புக்குப் பிறகுதான். பிரிட்டனில் 1986-இல் அடையாளம் காணப்பட்ட பித்த மாட்டு நோய் மனிதருக்கும் வந்திருக்கக்கூடும் என்று 1996 மார்ச்சில் அரசு ஒப்புக்கொண்ட பிறகே, ஒவ்வொரு மாட்டுக்கும் கடவுச்சீட்டு வழங்கும் முறையும் 1998-இல் நாடு தழுவிய கணினிப் பதிவும் வந்தன. அதற்குள் அந்நாட்டு மாட்டிறைச்சிக்கு ஐரோப்பியச் சந்தை அடைபட்டிருந்தது. 2001-இல் அங்கே கோமாரி வந்தபோது, நோய் உறுதியாவதற்கு முன்பே ஹெக்ஸம், லாங்டவுன் சந்தைகள் வழியாகச் செம்மறியாடுகள் நாடெங்கும் போய்விட்டிருந்தன. மாடுகளுக்கு இருந்தது போன்ற தனித்தனிப் பதிவு ஆடுகளுக்கு அப்போது இல்லை. கடைசியில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. ஜப்பானில் 2001-இல் முதல் பித்த மாடு காணப்பட்ட பிறகு 2003-இல் வந்த சட்டத்தின்படி, கடையில் இறைச்சி வாங்குபவர் பொட்டலத்திலுள்ள 10 இலக்க எண்ணைக் கணினியில் இட்டு மாட்டின் பிறப்பிடத்தைப் பார்க்கலாம். இந்தியாவுக்கு நெருக்கமான பாடம் உருகுவே நாட்டினுடையது. 2001-இல் கோமாரியால் அடிபட்ட அந்தச் சிறு நாடு, 2006 முதல் மின்னணு அடையாளத்தைக் கட்டாயமாக்கியபோது அந்த வில்லைகளை மாடு வளர்ப்பவருக்கு விலையின்றிக் கொடுத்தது. மாடு ஓரிடம் விட்டு ஓரிடம் போகும்போதெல்லாம் பதிவு செய்வதை அடிப்படைக் கடமையாக்கியது. எண்ணின் பயன் அசைவைப் பதிவதில்தான் இருக்கிறது என்பதை அந்நாடு தொடக்கத்திலேயே புரிந்துகொண்டது.

இந்தியாவில் அசைவைப் பதிவதற்கு ஒரு தடை உண்டு, அதைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. மாட்டுக்கு எண் என்ற யோசனை இங்கே பொதுவெளிக்கு வந்த வழிகளில் ஒன்று கடத்தல் தடுப்பு: வங்கதேச எல்லையில் மாடு கடத்துவதைத் தடுக்கத் தனித்த அடையாள எண் வேண்டும் என்று ஒரு குழு பரிந்துரைத்திருப்பதாக 2017 ஏப்ரலில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. கர்நாடகத்தில் 2021 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், 13 வயது கடந்த எருமைகள் நீங்கலாக, மாடுகளை இறைச்சிக்காகக் கொல்வதை முற்றிலும் தடை செய்கிறது. அச்சட்டத்தின் சரிதவறு தனி விவாதத்துக்கு உரியது. ஆனால் கறவை நின்ற பசுவையும் காளைக் கன்றையும் வைத்துத் தீனி போட இயலாத சிறு விவசாயி, விற்றதைப் பதிவு செய்தால் வழக்கு வருமோ என்று அஞ்சும் சூழலில், காதிலுள்ள எண் அவருக்குத் துணையாகத் தெரியாது, தனக்கு எதிரான சாட்சியாகத்தான் தெரியும். அத்தகைய அச்சம் பரவிய இடத்தில் விற்பனை இருளுக்குள் போகும், மாட்டோடு நோயும் அதே இருளில் பயணம் செய்யும். ஆகவே கால்நடை நலத் தரவுத்தளத்தில் உள்ள விவரங்களை நோய்க் கட்டுப்பாட்டுக்கும் உணவுப் பாதுகாப்புக்கும் அன்றி வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்ற தெளிவான சட்டக் காப்பு தேவை. இதை மனித உரிமைச் சலுகையாகக் கருத வேண்டியதில்லை; தரவு உண்மையாக இருக்க வேண்டுமானால் வேறு வழியில்லை என்பதே காரணம்.

சட்டத்தின் அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. விலங்குகளின் தொற்று நோய்களைத் தடுத்துக் கட்டுப்படுத்துவதற்காக 2009-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம், ஊசி போட்ட விலங்குக்கு அடையாளமிட்டுச் சான்றிதழ் தரவும், நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து விலங்குகள் வெளியேறுவதை நெறிப்படுத்தவும் வகை செய்கிறது. எலகங்காவிலுள்ள தேசியக் கால்நடை நோய்த்தொற்றியல் மற்றும் நோய்த் தகவலியல் நிறுவனம், மழை, வெப்பம், முந்தைய நோய்ப் பதிவுகள் ஆகியவற்றைக் கொண்டு எந்த மாவட்டத்தில் எந்த நோய் தலைகாட்டக்கூடும் என்று மாதந்தோறும் முன்னெச்சரிக்கை தருகிறது. மாடுகள் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகின்றன என்ற விவரமும் அதே நிறுவனத்துக்குக் கிடைத்தால், அந்த எச்சரிக்கையை மாவட்டத்திலிருந்து தாலுகாவுக்கும், தாலுகாவிலிருந்து குறிப்பிட்ட சந்தைக்கும் இறக்கிச் சொல்ல முடியும். முகர்க்கட்டையின் வரிகள் மனிதரின் விரல் ரேகை போல மாட்டுக்கு மாடு வேறுபடும் என்று 1922-இலேயே அமெரிக்காவில் பீட்டர்சன் எழுதிய ஆய்வை அடியொற்றி, கைப்பேசிப் படத்தால் மாட்டை அடையாளம் காணும் முயற்சிகளும் இப்போது நடக்கின்றன. வில்லை விழுந்த மாட்டைப் பழைய எண்ணோடு சேர்ப்பதற்கு அது பெரிதும் உதவும். உரிமை மாற்றத்தைப் பதிவதற்குப் பதிலாக அது நிற்க முடியாது.

இவற்றையெல்லாம் செய்யப்போவது யார் என்ற கேள்வியில்தான் திட்டங்கள் பலவும் சரிகின்றன. ஆறு மாதத்துக்கொரு முறை ஊசி போட்டு, வில்லை மாட்டி, பதிவும் ஏற்றும் பணியாளர், சமிக்ஞை கிடைக்காத ஊரில் எண்களைக் குறிப்பேட்டில் எழுதிவந்து இரவில் உட்கார்ந்து ஏற்றும்போது பிழை நேராமல் இருந்தால்தான் வியப்பு. அவர் தலையில் சந்தைப் பதிவையும் ஏற்றுவது தவறு. பால் சங்கச் செயலருக்கு உறுப்பினர்கள் ஒவ்வொருவரின் தொழுவமும் தெரியும். புதிதாக மாடு வாங்கியவர் முதல் வேளை பால் ஊற்ற வரும்போதே மாட்டின் எண்ணைப் பதிந்துகொண்டு, பழைய உரிமையாளரின் கணக்கிலிருந்து அது தானாகவே மாறும்படி செய்தால், பெங்களூருவைச் சுற்றியுள்ள கறவை மாடுகளின் அசைவு பெருமளவு வெளிச்சத்துக்கு வரும். அதற்கான சிறு கட்டணத்தைச் சங்கத்துக்கு அரசு தர வேண்டும். மாடு வாங்கியவருக்கு அதே பதிவின்மேல் காப்பீடும் தொடர வேண்டும். எண் தன் பெயருக்கு மாறினால் தனக்கு லாபம் என்று தெரிந்த விவசாயி யாரும் சொல்லாமலே பதிவு செய்வார்.

அத்திப்பள்ளியில் மாநில எல்லையைக் கடக்கும் மாட்டுக்குக் கன்னடமும் தெரியாது, தமிழும் தெரியாது. அதன் காதிலுள்ள எண் இரண்டு மாநிலத் துறைகளுக்கும் ஒரே எண். ஆகவே கர்நாடகக் கால்நடைத் துறையும் தமிழ்நாட்டுக் கால்நடைத் துறையும் அடுத்த கோமாரி ஊசிச் சுற்று தொடங்குவதற்கு முன்பே கூடிப் பேசி, கிருஷ்ணகிரி, கோலார், பெங்களூரு ஊரக மாவட்டங்களில் கறவை மாட்டின் உரிமை மாற்றத்தைச் சங்கங்கள் வழியாகப் பதியும் முறையை ஓராண்டு நடத்திப் பார்க்க வேண்டும். அதன் முடிவுகளைப் பால் வாங்கும் மக்களும் படிக்கும்படி இரண்டு மொழிகளிலும் வெளியிட வேண்டும்.